ஐந்தில் இரண்டு என்று சொன்ன பையன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிரியப் படிப்பில் சேர்வதற்கு முன் செய்துபார்க்கும் அறிமுகப் பயிற்சியில் நீ எழுதிவந்த குறிப்பேட்டை நகலெடுத்து அனுப்பி, “நான் ஆசிரியர் ஆகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் நீ பதினொரு பக்கம் எழுதியிருக்க மாட்டாய்; நானும் அதை இரண்டு முறை படித்திருக்க மாட்டேன்.

முதல் ஏழு பக்கங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும், அன்பு வேண்டும், முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று பயிற்சிக்குப் போகிற எல்லோரும் எழுதுவதைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய். எட்டாம் பக்கத்தில் கையெழுத்தே மாறிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் 20 நிமிடம் பின்னக் கூட்டல் நடத்திவிட்டு வந்த அன்று எழுதியது அது. “நான் நன்றாகத்தான் நடத்தினேன். அவர்களுக்குத்தான் புரியவில்லை” என்று எழுதி, இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டிருக்கிறாய். ஏழு பக்கத்தை விட அந்த ஒரு கோடு எனக்கு உன்னைப் பற்றி அதிகம் சொன்னது.

அந்த வகுப்பில் ஒரு பையன், அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்றான். நீ “தவறு” என்று சொல்லி, பொதுப் பகுதி எடுக்கும் முறையைக் கரும்பலகையில் மறுபடியும் எழுதிக் காட்டினாய். அவன் தலையாட்டினான். அடுத்த கணக்கிலும் மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டினான். அங்கேதான் நீ உடைந்துபோனாய்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். முதல் தேர்வில் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, அடுத்த தேர்வில் மூன்று கேள்விக்கு ஒன்று சரி என்றால் மொத்தம் ஐந்து கேள்விக்கு இரண்டு சரி. அவன் சொன்ன விடைதான்! ஆக, அவன் மூளை சும்மா இருக்கவில்லை. வேறொரு கேள்விக்கான சரியான விடையை உன் கேள்விக்குக் கொடுத்துவிட்டான். முறையை நூறு தரம் எழுதிக் காட்டினாலும் அந்த நினைப்பு அசையாது. “பாதி இருந்தது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், இப்போது பாதியை விடக் குறைந்துவிட்டதே, எப்படி?” என்று கேட்டிருந்தால் அவனே திகைத்திருப்பான். அந்தத் திகைப்பிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க முடியும்.

இப்படி யோசிப்பதற்கு என்று தனியாக ஓர் அறிவு இருக்கிறது. கணிதம் படித்தவருக்கெல்லாம் அது இருப்பதில்லை. குழந்தைகளிடம் பிரியமாக இருப்பதாலும் வந்துவிடாது. ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள், எந்த உதாரணம் கைகொடுக்கும், எது குழப்பும் என்பதைப் பற்றிய அந்த அறிவுக்கு 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தனிப் பெயரே வைத்தார். ஆசிரியப் படிப்பில் நீ முக்கியமாகக் கற்கப்போவது இதைத்தான். ஆகவே, இது இப்போது உன்னிடம் இல்லை என்பதற்காகக் கலங்காதே. பயிற்சி முடித்து வருபவர்களிடமே பாதிதான் இருக்கும். மீதியை வகுப்பறை கற்றுக்கொடுக்கும்.

“பத்து வருடத்துக்கு மேல் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த வேலை எனக்குத் தெரியும்” என்றும் எழுதியிருக்கிறாய். டான் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் இதைப் பற்றியே எழுதினார். பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஆசிரியர்களோடு சுமார் 13,000 மணி நேரம் கழித்துவிடுகிறார் என்பது அவர் போட்ட கணக்கு. வேறெந்தத் தொழிலையும் சேருவதற்கு முன் இவ்வளவு நேரம் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பார்த்தது எங்கிருந்து? பெஞ்சிலிருந்து. முந்தின இரவு ஆசிரியர் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று திண்டாடியது பெஞ்சிலிருந்து தெரியாது. இந்த 13,000 மணி நேரம் உனக்குச் சொத்தா சுமையா என்றால், பெரும்பாலும் சுமை என்பேன். உனக்குப் பிடித்த ஆசிரியரைப் போலவே நிற்பாய், பேசுவாய். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது மட்டும் தெரியாமல்.

எனக்கும் அதுதான் நடந்தது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் என் வழிகாட்டி ஆசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பாடம் முடிந்ததும் தாளை நீட்டினார். நான் கேட்ட கேள்விகள் 31. அவற்றில் 26-க்கு நானே பதில் சொல்லியிருந்தேன். அன்று மானம் போனது போல இருந்தது. பிறகுதான் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரின் ஆய்வைப் படித்தேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் அவர் 1970-களில் காட்டியிருந்தார். மூன்று விநாடி மௌனம் என்பது வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

“எனக்குச் சரளமாகப் பேச வராது” என்ற உன் பயத்துக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மீதி நன்னூலில் இருக்கிறது. ஆசிரியராகத் தகாதவர்களுக்கு அது நான்கு உவமை சொல்கிறது: போட்ட வரிசையில் வெளியே வராத கழற்காய்க் குடம், தானாக விழுந்தாலொழிய ஏறிப் பறிக்க விடாத மடற்பனை, நீர் ஊற்றியவனை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு (வளைந்த தென்னை), சிறிது சிறிதாகவே எடுக்க வருகிற பருத்திக் குண்டிகை (பஞ்சு அடைத்த குடுவை). கவனித்துப் பார். நான்கில் எதுவுமே வெறுமையாக இல்லை. எல்லாவற்றிலும் சரக்கு இருக்கிறது. கொடுக்கிற விதத்தில்தான் கோளாறு. (முதல் ஆண்டில் நான் சந்தேகமில்லாமல் கழற்குடம்.)

“வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை” என்று உன் மாமா சொன்னாராம். “வாக்குக் கற்றவனுக்கு” என்பதுதான் அப்படித் திரிந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. இதை வைத்து மாமாவோடு வாதாடாதே. ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அவர் கவலைக்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: பிழைப்பு என்ன ஆகும்? 2030-க்குள் தொடக்க, உயர்நிலைக் கல்விக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. உலகத்துக்குத் தேவை என்பதால் உன் பாடத்தில், நீ இருக்கும் இடத்தில் பணியிடம் இருக்கும் என்று ஆகிவிடாது. தொடக்கச் சம்பளம், பணி நிரந்தரம், தகுதித் தேர்வு மூன்றையும் இப்போதே விசாரி. வெட்கப்படாமல் விசாரி.

படிப்பைப் பொறுத்தவரை வழிகள் பொதுவாக இரண்டு. பாடமும் கற்பித்தலும் சேர்ந்தே வரும் ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று. முதலில் பட்டம், பிறகு ஆசிரியப் பயிற்சி என்பது மற்றொன்று. மனம் உறுதியாக இருப்பவருக்கு முதலாவது. உன்னைப் போல் தள்ளாடுபவருக்கு இரண்டாவதையே சொல்வேன். முடிவெடுக்கக் காலமும் கிடைக்கும், கையில் ஒரு பாடமும் இருக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதே. கற்பித்தல் பயிற்சிக்கு எத்தனை வாரம் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், பின் பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், பாடம் முடிந்தபின் உன்னிடம் பேசுகிறார்களா, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்களா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேள். பின்லாந்தில் பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஐந்தாறு பேரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் நடத்தி, பதிவுசெய்து பார்த்து, திருத்தி மறுபடி நடத்தும் நுண்ணிலைக் கற்பித்தலை நீ நண்பர்களை வைத்தே செய்யலாம். உன் குரலை நீயே கேட்பது முதல் தடவை கொடுமையாக இருக்கும்.

உன் அறிமுகப் பயிற்சியில் இன்னும் இரண்டு வாரம் மீதி இருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பையன் அதே வகுப்பில்தான் இருப்பான். அவனிடம் போய், “ஐந்தில் இரண்டு என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேள். கேட்டுவிட்டு மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டிரு. அவன் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. கேட்கும்போது உனக்குச் சலிப்பாக இருந்ததா, சுவாரசியமாக இருந்ததா என்பதையும் ஒளிக்காமல் எழுது. நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை அதைப் படித்த பிறகு சொல்கிறேன்.