பழுத்துப் போன பிளாஸ்டிக்

கேள்வி: ஐயா, 1979-ஆம் ஆண்டு கார் ஒன்றைச் சீர்செய்து வருகிறேன். உள்ளே கதவுத் தூண்களை மூடும் வெள்ளை பிளாஸ்டிக் உறைகளும் ஸ்டீயரிங் தண்டின் மூடியும் மஞ்சளாகிவிட்டன. பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தலைமுடியை வெளுக்கும் க்ரீமைத் தடவி வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள். நம்பிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் அந்தப் பவுடரைத் தூர வையுங்கள். அது மஞ்சளை எடுக்காது, பிளாஸ்டிக்கின் மேல்தோலைத்தான் சுரண்டும்.

ஒரு உறையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெயில் படாத இடம் என்பதால், கார் புதிதாக இருந்தபோது என்ன நிறமோ ஏறக்குறைய அது அங்கே இருக்கும். அப்புறம் முன்பக்கத்தைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு ஏறினால், பாதி மஞ்சள் முந்தைய உரிமையாளரின் சிகரெட்டிலிருந்து வந்தது. அது கழுவினாலே போய்விடும். துணி சுத்தமாகவே இருந்தால் பிளாஸ்டிக்கே நிறம் மாறியிருக்கிறது.

அடுத்து, அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். பின்பக்கத்தில் ஏபிஎஸ் என்றோ பிபி (பாலிப்ரொப்பிலீன்) என்றோ பிளாஸ்டிக் வகையின் எழுத்து அச்சாகியிருந்தால் வேலை சுலபம். அந்தக் காலத்து உறைகளில் பெரும்பாலும் இருக்காது. கிளிப்புகளைக் கழற்றிவிட்டு உறையை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிப்ரொப்பிலீனாக இருக்கும். மூழ்கினால், அதுவும் கெட்டியான வெள்ளை உறை என்றால், ஏபிஎஸ்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏபிஎஸ்ஸில் கலந்திருக்கும் ரப்பர் பகுதியை வெயிலும் காற்றும் சிதைப்பதால்தான் மஞ்சள் வருகிறது. க்ரீமில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து அந்த நிறத்தை அழிக்கிறது.

பெராக்சைடு 12 சதவீதம், அதாவது 40 வால்யூம் என்று போட்டிருக்கும் க்ரீம் போதும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், தோலில் பட்டால் எரியும். ஸ்டிக்கர், உலோகத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சமமாகத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைக் காற்று புகாமல் சுற்றி வெயிலில் வையுங்கள். க்ரீம் காயவே கூடாது. நான் முதன்முதலில் வெளுத்தது ஒரு க்ளவ் பாக்ஸ் மூடி. தடவி வைத்துவிட்டு மதியத் தூக்கம் போட்டேன். எழுந்து வந்து பார்த்தால் படலம் விலகியிருந்தது, க்ரீம் காய்ந்த இடமெல்லாம் மேகம் மேகமாக வெள்ளைத் திட்டு. என்ன செய்தும் அது போகவில்லை, கடைசியில் பெயின்ட் அடித்துத்தான் மறைத்தேன். அதிலிருந்து மணிக்கு ஒருமுறை படலத்தைத் திறந்து, க்ரீமைக் கலைத்துத் தடவி, உறையைத் திருப்பி வைக்கிறேன். அகலமான பாத்திரம் இருந்தால் க்ரீமை விட்டுவிட்டு, பெராக்சைடு கரைசலிலேயே முழுக்க மூழ்கும்படி போடுவது இன்னும் நல்லது. திட்டு விழும் பயம் வெகுவாகக் குறையும்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எல்லா உறைகளையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் நிறம் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. அப்புறம், மஞ்சள் திரும்ப வரும், வெயில் படாமல் வைத்தாலும் சில வருடங்களில் வரலாம். அதனால் பின்பக்க வெள்ளையைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். சீட்டும் கூரைத் துணியும் கொஞ்சம் பழுத்திருக்கும்போது உறைகள் மட்டும் பளீரென்று இருந்தால் கட்டிய பல் மாதிரி தனியாகத் தெரியும். நான் பாதி வழியிலேயே நிறுத்திவிடுவேன்.

கேள்வி: என் பழைய காரின் கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் சாம்பல் பூத்துவிட்டது. பளபளப்பு திரவம் தடவினால் ஒரு மழைக்குள் போய்விடுகிறது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் கறுக்கும் என்கிறார் நண்பர்.

பதில்: கறுக்கும், நண்பர் சொல்வது சரி. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், நனைந்திருக்கும் வரை கறுப்பாகத் தெரியும். வெயிலில் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பில் ஒளி சிதறுவதால் சாம்பல் தெரிகிறது. தண்ணீரோ உங்கள் திரவமோ வெடிப்பை நிரப்பும்போது கறுப்பு தெரிகிறது, கழுவிப் போனதும் பழைய கதை.

ஹீட் கன் அந்த மேல்தோலை லேசாக உருக்கி மூடிவிடுகிறது. ஓர் இடத்தில் நிற்காமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நொடி அதிகமானாலும் பம்பரில் உள்ள சொரசொரப்பு மழமழவென்று ஆகிவிடும், அது திரும்பாது. பக்கத்து பெயின்டையும் மறைத்துக் கட்டுங்கள். ஒரு முறை செய்யலாம், இரண்டாவது முறைக்கு யோசிப்பேன். வருடா வருடம் செய்ய இது வேலையே இல்லை.

நிலைத்து நிற்க வேண்டுமென்றால் பெயின்ட்தான். பம்பர் பாலிப்ரொப்பிலீன் என்றால் அதில் பெயின்ட் தானாக ஒட்டாது, அதற்கென்று உள்ள ஒட்டுப் ப்ரைமரை முதலில் அடிக்க வேண்டும். இத்தனை நாள் தடவிய திரவத்தில் சிலிக்கான் இருந்திருக்கும். அதை முழுக்கக் கழுவி எடுக்காமல் அடித்தால் பெயின்ட் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும்.

கேள்வி: டெயில் லாம்ப்பின் சிவப்பு மூடி மங்கிவிட்டது. தின்னரால் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது பெரும்பாலும் அக்ரிலிக். தின்னரோ ஆல்கஹாலோ பட்டால் சிலந்தி வலை மாதிரி உள்ளுக்குள் விரிசல் ஓடும். தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போடுங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் நடுவில் நன்றாகக் கழுவுங்கள், முந்தைய பேப்பரின் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் கோடு விழும். தேய்த்த பிறகும் சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருந்தால் சாயமே வெளுத்துவிட்டது, வேறு மூடி தேட வேண்டியதுதான்.