மாணவர் ஆய்வுகளில் ஒத்துணர்வும் சமூக உணர்வுசார் திறனும்: இரண்டும் ஒன்றா?

பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்து, அவர் படும் பாட்டை உணர்வதே ஒத்துணர்வு. சமூக உணர்வுசார் திறன் அதைவிட விரிவானது. தன் உணர்ச்சிகளைக் கையாளுதல், பிறருடன் இணக்கமாகப் பழகுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் ஆகியவையும் அதில் அடங்கும்.

உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980இல் வெளியிட்ட 28 கூற்றுகள் கொண்ட வினாப்படிவம் மாணவர் ஆய்வுகளில் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அது ஒத்துணர்வை ஒரே மதிப்பெண்ணாகக் கருதாமல், பிறர் கோணத்தில் சிந்தித்தல், கதைமாந்தருடன் ஒன்றிப்போதல், பிறர்மீது அக்கறை கொள்ளுதல், பிறர் துன்பத்தைக் கண்டு தானே நிலைகுலைதல் என நான்கு கூறுகளாகப் பார்க்கிறது. இவற்றுள் கடைசியானதே மிகவும் கவனிக்கத்தக்கது என்பது என் கருத்து. நீரில் தத்தளிப்பவரைக் கண்டு கரையில் நிற்பவர் பதறி உறைந்துபோனால், அவர் பட்ட வேதனை உண்மையே என்றாலும் அதனால் உதவி கிடைப்பதில்லை. பதறிய மனத்தை ஒரு நொடியில் நிலைப்படுத்திக்கொண்டு கயிற்றை வீசுபவரே காப்பாற்றுகிறார். அந்த நிதானம் உணர்ச்சியைக் கையாளும் திறனிலிருந்து வருவதால்தான், ஒத்துணர்வை மட்டும் அளந்து ஒரு மாணவர் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்லிவிட முடிவதில்லை.

படிவத்தை மாணவரே நிரப்பும்போது, அவர் தன்னைப் பற்றி நினைப்பதே பதிவாகிறது. ஆகவே ஆசிரியர், சக மாணவர் ஆகியோரின் மதிப்பீட்டையும் சேர்ப்பது நல்லது.

இத்திறன்கள் பிறவியிலேயே அமைபவை, கற்பிக்க இயலாதவை என்று பலர் எண்ணுகின்றனர்; ஆனால் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற மாணவர்களின் சமூக உணர்வுசார் திறன்களும் படிப்பும் மேம்பட்டிருந்தன.