சுருக்குப்பையில் முடிந்த காசு

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமனார் வைத்த முருங்கை மரம் ஒன்று நிற்கிறது. அவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இரவில் கலகலவென்று ஓசையும் கேட்கிறது. முருங்கையில் பேய் அடையும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மாமியாரோ விளக்கு வைக்கும் நேரம் கடந்தும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். வெட்டலாம் என்றால் ஆவேசம் வந்தவர்போல் கத்துகிறார். காய் விற்ற காசைக்கூட எங்களிடம் தராமல் சுருக்குப்பையில் முடிந்துகொள்கிறார். அவரை ஏதோ பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது. கணவரும் கொழுந்தனாரும் மந்திரிக்க ஆள் பார்த்திருக்கிறார்கள். வருகிற அமாவாசைக்கு முன் மரத்தை வெட்டிவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முருங்கைப் பேயைப் பற்றி இந்தப் பகுதிக்கு வராத கடிதமில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, காசு வரும் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். சம்பாதிக்கும் மகன்கள் இருவர் இருக்க, கணவனை இழந்த ஒரு தாய் முருங்கைக்காய் விற்றுக் காசு சேர்க்க வேண்டிய தேவை ஏன் வந்தது? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றவேயில்லை. அந்தக் காசு ஏன் உங்கள் கைக்கு வரவில்லை என்பதுதான் தோன்றியிருக்கிறது. அதையும் அவரைப் பேய் பிடித்ததற்கான அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள்.

மாமனார் இருந்தவரை, வெற்றிலை பாக்குக்கோ கோயில் உண்டியலுக்கோ பேரப்பிள்ளைகளின் மிட்டாய்க்கோ, எவரிடமும் காரணம் சொல்லாமல் செலவழிக்க மாமியார் கையில் ஏதோ கொஞ்சம் பணம் இருந்திருக்கும். இந்த ஓராண்டில் அதைக் கொடுத்தவர் யார் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. யாரும் கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கொடுத்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். அவருக்கென்று மிஞ்சியிருக்கும் வருமானம் அந்த மரம் ஒன்றுதான். அதைக் கணவர் கையால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வெட்டப் போகிறோம் என்று சொன்னால் கத்தாமல் வேறு என்ன செய்வார்?

பேய்க்கு வருகிறேன். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் அந்த வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். நம் கதைகளில்தான் அது முருங்கைக்குக் குடிவந்தது. முருங்கைக் கிளை சட்டென்று முறியும், ஏறியவர் விழுவார். மரத்தை மொய்க்கும் கம்பளிப்பூச்சி மேலே பட்டால் உடம்பு தடித்து அரிக்கும். ஏறாதே என்றால் கேட்காத பிள்ளையைத் தடுக்கப் பெரியவர்களுக்குப் பேய் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். இரவில் கேட்கும் கலகலப்பைப் பொறுத்தவரை, காய்ந்த நெற்றுகள் மரத்திலேயே இருக்கின்றனவா என்று பகலில் நிமிர்ந்து பாருங்கள்.

இதைவிட முக்கியமாக, உங்கள் பயத்தையே நான் நம்பவில்லை. தாய்லாந்தில் வாழைப் புதரில் நாங் தானி என்ற பெண்ணாவியும், தக்கியான் மரத்தில் நாங் தக்கியானும் இருப்பதாக நம்புகிறவர்கள் அவற்றுக்கு வண்ணத் துணி சுற்றிப் படையல் வைக்கிறார்கள். வெட்டினால் கேடு வரும் என்று அஞ்சுகிறார்கள். பிலிப்பைன்ஸில் ஆலின் இனமான பலேத்தே மரத்தைக் கடக்கும்போது, உள்ளிருப்பவர்களிடம் 'தாபி தாபி போ' என்று வழிவிடக் கேட்டுவிட்டுப் போவார்கள். வங்காளத்து வில்வத்தில் பிரம்மதைத்தியன் என்ற பிராமண ஆவியும், கேரளத்து ஏழிலைப்பாலையில் யட்சியும் குடியிருப்பதாகக் கதைகள் உண்டு. ஆவி இருக்கும் மரத்தின் மேல் கோடரி வைக்க, மெய்யாகவே அஞ்சுகிறவன் துணிய மாட்டான். நீங்களோ நாள் குறித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அப்படியென்றால் உங்களை உறுத்துவது மரத்தில் இருப்பது அன்று, மரத்தடியில் உட்கார்ந்து உங்களுக்குக் கணக்குச் சொல்லாமல் இருப்பவர்தான்.

மந்திரிக்க வருபவரை இன்றே வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெற்ற தாயைப் பேய் பிடித்தவள் என்று ஊரார் முன்னால் உட்காரவைத்து வேப்பிலையால் அடிக்கவைப்பது மகன்கள் செய்யும் காரியமா? இதற்கு அவர்கள் உடன்பட்டதுதான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகமாகக் கோபப்படுத்தியது. பெற்றவளுக்குச் சோறு போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கும் பிள்ளைகளை நான் மதிப்பதில்லை. முதுமையில் அவள் யார் முன்னாலும் கை நீட்டாதபடி பார்த்துக்கொள்வதும் அந்தக் கடமையில் சேரும்.

மாதம் பிறந்ததும் மகன்கள் இருவரும் ஆளுக்கு ஒரு தொகையைத் தாயின் கையில் கொடுக்கட்டும். உங்கள் வழியாக வேண்டாம், நேராகக் கொடுக்கட்டும். அது எங்கே போனது என்று ஒருவரும் கேட்கக் கூடாது. காய் விற்ற காசும் அவருடையதே. மாலையில் அவர் மரத்தடியில் உட்காரும்போது பிள்ளைகளையும் அனுப்புங்கள். பாட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர்களுக்குப் பயம் நெடுநாள் தங்காது. நெற்றுகளைப் பறித்துவிடுங்கள், காற்றுக் காலத்துக்கு முன் உயரமான கிளைகளைக் கழித்துவிடுங்கள், முருங்கை மறுபடியும் தழைத்துவிடும். மரத்தை வெட்டும்படி என்றைக்காவது அவரே சொன்னால் வெட்டுங்கள். அதற்கு முன் அதிலிருந்து ஒரு போத்தை வெட்டி, அவர் காட்டும் இடத்தில் நட்டுவிடுங்கள்.