பதினொன்றில் பத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சொந்த ஊர் ஆத்தூர். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகளாகச் சென்னையில் இருக்கிறேன். தேர்தல் பேச்சு வந்தால் போதும், அலுவலக நண்பர்கள் 2021 சட்டமன்றத் தேர்தல் முடிவை என் முன்னால் எடுத்து வைத்துவிடுகிறார்கள். மாநிலமே ஆட்சி மாற்றத்துக்கு வாக்களித்தபோது சேலம் மாவட்டம் மட்டும் 11 தொகுதிகளில் 10-ஐ அ.தி.மு.க. அணிக்குக் கொடுத்தது, உங்கள் ஊரில் சாதியைத் தவிர வேறெதுவும் எடுபடாது என்கிறார்கள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே நாம் அப்படித்தானா?

தங்கள் வாசகன்,
ஆத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் கடிதத்தில் உள்ள 'மட்டும்' என்ற சொல்லை நீக்கிவிடலாம். அதே 2021-இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் தர்மபுரி மாவட்டத்தின் 5 தொகுதிகளும் ஒன்று விடாமல் அதே அணிக்குத்தான் போயின. சேலமாவது சேலம் வடக்கைத் தி.மு.க.வுக்குக் கொடுத்தது. கோவையின் சமூக அமைப்பும் தர்மபுரியின் சமூக அமைப்பும் ஒன்றல்ல என்பது உங்கள் நண்பர்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு ஊர்களிலும் ஒரே முடிவு வந்திருக்கும்போது அதற்குச் சாதி ஒன்றையே காரணமாகச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று அவர்களையே கேளுங்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011-இல் 11-க்கு 11, 2016-இல் 10, 2021-இல் மீண்டும் 10 என்று அடுத்தடுத்து மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் அ.தி.மு.க. அணி வென்றதால் பத்திரிகைகள் நம் ஊரைக் 'கோட்டை' என்று எழுதப் பழகிவிட்டன. (சேலத்தில் கோட்டை என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மாரியம்மன் கோயில் உண்டு, ஆடி மாதத்தில் பெருங்கூட்டமும் உண்டு. கோட்டையைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.) இந்த மூன்று தேர்தல்களுக்கு இடையிலும் பின்னும் நடந்த மக்களவைத் தேர்தல்களை அருகில் வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் நிற்காது. நம் 11 சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குள் அடங்குகின்றன. மேட்டூர் தர்மபுரியிலும், சங்ககிரி நாமக்கல்லிலும், உங்கள் ஆத்தூர் கெங்கவல்லி, ஏற்காடு ஆகியவற்றோடு கள்ளக்குறிச்சியிலும் இருக்கின்றன. எஞ்சிய ஆறும் சேலம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. 2019-இல் இந்த நான்கையும் வென்றது தி.மு.க. அணி. சேலத்தில் மட்டும் வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகம். இரண்டே ஆண்டுகளில், அந்தச் சேலம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்து எதிரணிக்குப் போயின. 2024 மக்களவைத் தேர்தலில் நான்கு தொகுதிகளும் மறுபடி தி.மு.க. அணியிடமே வந்தன.

வன்னியர்களிடையே செல்வாக்குள்ள பா.ம.க. 2019-இலும் அ.தி.மு.க. அணியில்தான் இருந்தது, 2021-இலும் இருந்தது. சாதிக் கணக்கு மட்டுமே வாக்கைத் தீர்மானிப்பதாக இருந்தால், பா.ம.க. அணி மாறாத அந்த இரண்டு ஆண்டுகளில் முடிவும் மாறியிருக்கக் கூடாது. மாறியது. ஆகவே, யார் பிரதமர் என்ற கேள்விக்கு ஒரு விதமாகவும் யார் முதலமைச்சர் என்ற கேள்விக்கு வேறு விதமாகவும் வாக்களித்தவர்கள் நம் ஊரில் கணிசமாக இருக்கிறார்கள் என்றுதான் நான் கொள்கிறேன். 2021 தேர்தலின்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்த பழனிசாமி எடப்பாடிக்காரர். சொந்தத் தொகுதியில் அவர் பெற்ற வாக்கு வித்தியாசம் 93,802. நம் மண்ணின் ஆள் என்ற எண்ணத்தைச் சாதிப் பற்று என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. அதற்காகச் சாதிக்குப் பங்கே இல்லை என்று உங்களுக்குச் சாதகமாகச் சொல்லிவிடவும் மாட்டேன். கல்வியிலும் அரசு வேலையிலும் வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில் பேரவையில் நிறைவேறியது. பிறகு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது வேறு கதை. வாக்குப்பதிவு நாளில் அது பலர் மனத்தில் இருந்திருக்கும்.

ஆனால் உங்கள் நண்பர்களின் பேச்சில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. '11-இல் 10' என்றதும் சேலத்துக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பக்கம் வாக்களித்ததாக அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் அங்கே பா.ம.க. வேட்பாளர் வென்றது 656 வாக்குகளில். ஒரு பெரிய வாக்குச்சாவடியில் ஒரே நாளில் விழக்கூடிய வாக்குகளின் அளவுதான் அது. பட்டியலில் எடப்பாடியின் 93,802-உம் ஒரு தொகுதி, மேட்டூரின் 656-உம் ஒரு தொகுதி. நம் தேர்தல் முறையில் அதிக வாக்கு வாங்கியவருக்கே தொகுதி முழுவதும் போய்விடும், தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளுக்குப் பேரவையில் இடம் கிடையாது. மாநில அளவிலும் இதே நிலைதான். 2021-இல் தி.மு.க. அணி பெற்ற வாக்கு ஏறத்தாழ 45 விழுக்காடு, இடங்கள் 159. அ.தி.மு.க. அணிக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு, இடங்கள் 75. வாக்கில் ஐந்தாறு விழுக்காடாக இருந்த இடைவெளி இடங்களில் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. தே.மு.தி.க. 2006-இல் தனித்து நின்று எட்டு விழுக்காட்டுக்கும் மேல் வாங்கியும் ஒரே ஓர் இடத்தைப் பெற்றது. 2011-இல் கூட்டணியில் சேர்ந்து, அதைவிடச் சற்றுக் குறைவான வாக்கோடு 29 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாகவே அமர்ந்தது. அந்த 29-இல் மேட்டூரும் ஒன்று. அன்று அங்கே தே.மு.தி.க. சார்பில் வென்றவர்தான் 2019-இல் தி.மு.க. சார்பில் சேலம் மக்களவை உறுப்பினரானவர். நம் ஊர் வாக்காளர்கள் கட்சி மாறுவது பற்றிப் பேசுவோர், வேட்பாளர்கள் மாறுவதையும் சற்றுக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு இதில் தனிக்கதை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். பெயர் ஏற்காடு என்றிருந்தாலும் தொகுதி சேர்வராயன் மலையோடு நின்றுவிடுவதில்லை. கீழே இறங்கி வாழப்பாடிப் பக்கம் வரை போகிறது. ஆகவே காப்பித் தோட்டத்தின் நடுவிலும் வாழப்பாடிச் சந்தையிலும் ஒரே வேட்பாளர் வாக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. 2013 டிசம்பரில் அங்கே நடந்த இடைத்தேர்தலில்தான் 'நோட்டா' பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக இடம்பெற்றது. அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க. அந்த இடைத்தேர்தலை 78,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது. 2016 பொதுத்தேர்தலில் அதே கட்சிதான் வென்றது, ஆனால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அமைச்சர்கள் எல்லாம் மலையேறி முகாமிட்டிருக்கும் இடைத்தேர்தலின் எண்ணை வைத்து ஒரு தொகுதியின் மனத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுத்துப் பேசக் கையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் தேர்தல் அலுவலர்கள் 'படிவம் 20' என்ற பட்டியலை வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பது அதில் வரிசையாக இருக்கும். ஆத்தூர்த் தொகுதிக்கான 2021 பட்டியலை எடுத்து, உங்கள் வீட்டார் வாக்களிக்கும் சாவடியின் வரியையும் அதற்கு அடுத்த தெருவுக்குரிய சாவடியின் வரியையும் பாருங்கள். பிறகு 2019-க்கான பட்டியலில் அதே ஊரின் வரிகளைத் தேடுங்கள். இடையில் சாவடிகளின் எண்கள் மாறியிருக்கக்கூடும் என்பதால் இடத்தின் பெயரை வைத்தே ஒப்பிடுங்கள். உங்கள் தெருவில் என்ன தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து