கொரியாவின் சூட்டு அறைகள் சர்க்கரை நோயாளிக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. மெட்ஃபார்மின், அம்லோடிபின், காலையில் நீர் பிரியும் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன். பாதத்தில் கொஞ்சம் மதமதப்பு. மகள் தென்கொரியாவின் சுவோனில் வேலை பார்க்கிறாள். ஜனவரியில் போகும்போது ஜிம்ஜில்பாங் என்ற குளியல் விடுதிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். வியர்த்தால் கெட்ட நீர் வெளியேறிச் சர்க்கரை குறையுமாமே, போகலாமா டாக்டர்?

பதில்: பிரஷர் கட்டுக்குள் இருந்தால், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இல்லையென்றால் போகலாம், அம்மா. சர்க்கரையைக் குறைக்கத்தான் என்றால் வேண்டாம். வியர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை வெளியேற்றுவது கல்லீரல், சிறுநீரகத்தின் வேலை.

அங்கே 40 டிகிரி அறையும் இருக்கும், 90 டிகிரியை எட்டும் 'புல்காமா' சூளை அறையும் இருக்கும். சூளைப்பக்கம் போகவே வேண்டாம். மிதமான அறையில் ஐந்து, பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். சூட்டில் இரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும். அம்லோடிபினும் அதையேதான் செய்கிறது. நீர் மாத்திரை ஏற்கெனவே உடம்பு நீரைக் குறைத்திருக்கும். ஆகவே உட்கார்ந்திருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும், சட்டென்று எழும்போதுதான் கண் இருட்டும். மெதுவாக எழுந்திருங்கள், மகள் பக்கத்தில் இருக்கட்டும். அன்றைக்கு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீர் மாத்திரையை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூட்டிலிருந்து நேராக ஐஸ் அறைக்குள் நுழைவது இளவட்டங்களின் விளையாட்டு. குளிரில் குழாய் சுருங்கிப் பிரஷர் எகிறும்.

எனக்கு உங்கள் இதயத்தைவிடப் பாதத்தைப் பற்றித்தான் கவலை. மதமதப்பு இருந்தால் சூடு உறைக்காது. அங்கே சூடான தரையில் பாய் விரித்து மணிக்கணக்கில் தூங்குவார்கள். தொட்டால் இதமாகத் தெரியும் சூடுகூட, ஒரே இடத்தில் நெடுநேரம் பட்டால் தோலைப் பொசுக்கும். தரையில் படுத்துத் தூங்காதீர்கள். தொட்டியில் இறங்குமுன் மகளைக் கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். 'இத்தாலி டவல்' என்ற சொரசொரப்பான துணியால் அழுக்கு உரிய உரியத் தேய்த்துவிடுவார்கள். முதுகுக்குச் சரி, பாதத்தைத் தொடவிடாதீர்கள். வெந்நீர் ஊற்று என்றாலும் இதே விதிதான். கண் நோய்க்காக மன்னர் செஜோங் போன ஓன்யாங் ஊற்று இன்றும் பிரபலம், ஆனால் அந்தத் தண்ணீரும் சர்க்கரையைக் குணப்படுத்தாது.

அப்புறம், வெளியே வந்ததும் 'சிக்கே' என்று ஜில்லென்று ஓர் அரிசிப் பானம் தருவார்கள். ருசியாக இருக்கும், நல்ல இனிப்பு. ஒரு வாய் போதும், தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். சுட்ட முட்டை சாப்பிடலாம்.

கிளம்புமுன் பாத உணர்வுப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். புண், வெடிப்பு இருந்தால் ஆறும்வரை குளியல் விடுதி வேண்டாம். அங்கே நெஞ்சு அடைத்தாலோ மயக்கம் வந்தாலோ ஆம்புலன்ஸ் எண் 119.