ஜப்பானியர்கள் பௌத்தர்களா, ஷிண்டோ மதத்தவரா? பயணம் போகுமுன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பெரும்பாலான வீடுகளில் இரண்டும் உண்டு. நாராவில் தோழியின் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் இதையே கேட்டேன். அவளுடைய அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

காலையில் சோறு வெந்ததும் அந்த அம்மா முதல் பிடியைச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் எடுத்து, கூடத்திலிருந்த கறுப்பு மரப்பெட்டிக்குள் வைப்பார். அதுதான் புத்சுதான். உள்ளே சிறிய புத்தர், முன்னோர் பெயர் எழுதிய பலகைகள். மணியை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கைகூப்புவார். அதே கூடத்தில், தலைக்கு மேல் உயரத்தில், ஷிண்டோ தெய்வங்களான காமிகளுக்கு ஒரு மரமாடம், பெயர் காமிதானா. வழக்கமாக அரிசியும் உப்பும் தண்ணீரும் வைக்கும் அந்த மாடத்தின் முகப்பில் அப்போது வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. தோழியின் தாத்தா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாவுத்தீட்டு காமிகளைத் தொடக்கூடாது என்று ஐம்பது நாள் மூடிவைப்பார்களாம். எங்கள் வீட்டிலும் சாவு விழுந்தால் சாமிக்கு விளக்கேற்ற மாட்டோம். அந்தத் தாளைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

கீழே புத்சுதான் மட்டும் திறந்தே இருந்தது. 49ஆம் நாள் சடங்குக்குப் பௌத்தத் துறவி வருவார். பிறந்த குழந்தையை முதலில் தூக்கிப்போவது ஷிண்டோ ஆலயத்துக்கு. இறுதிச்சடங்கு பெரும்பாலும் பௌத்த முறையில். இதற்கு அரசியல் காரணமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த தொகுகவா அரசு, ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த விகாரையில் பதிவுசெய்தாக வேண்டும் என்றது. சாவுச்சடங்கு விகாரையின் பொறுப்பாக ஊன்றிப்போக அதுவும் வழிசெய்தது.

'இது வேறு, அது வேறு' என்ற கோட்டை அழுத்திப் போட்டது 1868இல் வந்த மெய்ஜி அரசின் ஆணை. அதற்குமுன் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இரண்டும் பின்னிக் கிடந்தன. நாராவின் தோதைஜி என்ற பௌத்த விகாரையில் பெரிய புத்தர் சிலை எழும்பியபோது, அதைக் காக்க 749இல் கியூஷூ தீவிலிருந்து ஹச்சிமான் என்ற காமியை எழுந்தருளச் செய்தார்கள். 752இல் அந்தப் புத்தருக்குத் தூரிகையால் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர்.

நாரா போனால் பெரிய புத்தரை வணங்கிவிட்டு, கிழக்கே சில நிமிடம் நடந்து தமுகேயாமா ஹச்சிமான் ஆலயத்துக்கும் போங்கள். புத்தர்முன் கைகூப்பினால் போதும், தட்டக்கூடாது. ஹச்சிமான் முன் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனியுங்கள்.