மகளை ஹாஸ்டலில் தங்க அனுப்பலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "கல்லூரி முடித்த மகள் இரண்டு தோழிகளோடு புதுச்சேரிக்கு மூன்று நாள் போகிறாள். ஓட்டல் வேண்டாம், ஹாஸ்டல் போதும் என்கிறாள். நம்பி அனுப்பலாமா?"

அனுப்பலாம் அம்மா. நம் பக்கம் ஹாஸ்டல் என்றாலே வார்டனும் சாயங்காலமே சாத்துகிற கேட்டும்தான் ஞாபகம் வரும். இது வேறு. ஒரே அறையில் நாலு, ஆறு, எட்டுப் பேருக்கு ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாகப் படுக்கை, வாடகையும் படுக்கைக்குத்தான். ஆனாலும் இது பிள்ளைகளுக்காகப் பிறந்த ஏற்பாடுதான். நடைப்பயணம் போகும் மாணவர்கள் தங்குவதற்காக, 1912-ல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கி வைத்தது.

முதலில் கணக்குப் போடுங்கள். படுக்கை 600 ரூபாய் என்றால் மூவருக்கு 1,800. அதே விலைக்கு எக்ஸ்ட்ரா பெட்டோடு ஓட்டல் அறை கிடைத்தால் அதுவே மேல். தனியாகப் போகிறவருக்குத்தான் ஹாஸ்டலில் உண்மையான மிச்சம்.

ஹாஸ்டல்தான் என்று முடிவானால், பதிவு செய்யும்போது 'பெண்கள் மட்டும்' டார்மிட்டரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறும் 'டார்ம்' என்றிருந்தால் பெரும்பாலும் ஆண், பெண் கலந்த அறை. பிறகு நீங்களே ஒரு போன் போடுங்கள், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல். எடுத்துப் பொறுப்பாகப் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சுவர் ஓவியமும் மாடித் தோட்டமும் அதற்கப்புறம்.

பூட்டு கையோடு போகட்டும். லாக்கர் இருக்கும், பூட்டு பல இடங்களில் தர மாட்டார்கள். நான் ஒருமுறை கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் நல்ல கனமான பூட்டாக வாங்கிப் போனேன்; லாக்கர் வளையத்துக்குள் அதன் கம்பி நுழையவே இல்லை. இரவு முழுக்கப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். மெல்லிய கம்பியுள்ள சின்னப் பூட்டுதான் சரி.

மூவரும் ஆதார் வைத்திருக்க வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். நகல் கேட்டால், முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம்.

இன்னொன்று. திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக ராத்திரி பஸ்ஸில் போனால் விடியும் முன்பே இறங்கிவிடுவார்கள். படுக்கையோ பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். அதுவரை பையை வைத்துக் குளிக்க இடம் தருவார்களா என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.